‘ஸ்மார்ட் சிக்னல்’ பேப்பர்கள்: யாரை எண்ணுகிறோம்?

பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ‘நெரிசலுக்கு ஏற்ப மாறும், ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் ஸ்மார்ட் டிராஃபிக் சிக்னல்’ என்று ப்ராஜெக்ட் தலைப்பு எடுத்திருக்கிறான். “அங்கிள், நீங்கதான் இந்த மாதிரி எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரு கட்டு பேப்பர்களைக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் இணையத்தில் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகள். ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அதில் ஒன்றைப் படிக்கும்போது இன்னொன்றைத் தேடி, அதிலிருந்து வேறொன்றுக்குத் தாவி, கொஞ்சம் அளவுக்கு மீறியே போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தப் பேப்பர்களின் பொதுவான சாயலைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் நகரத்தில் வாகனங்கள் பெருகிவிட்டன என்று இருக்கும். இரண்டாவது பத்தியில் ஒரு ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு உயிர் போராடிக்கொண்டிருக்கும். மூன்றாவது பத்தியில் ஆர்டுயினோவோ ராஸ்பெரி பையோ வந்துவிடும். நாலு பக்கமும் சாலை உள்ள ஒரு ஜங்ஷன், ஒவ்வொரு பக்கமும் கேமராவோ ஐ.ஆர். சென்சாரோ. வண்டி அதிகம் நிற்கும் பக்கத்துக்கு அதிக நேரம் பச்சை. ஆம்புலன்ஸ் கண்ணில் பட்டால் உடனே அந்தப் பக்கம் பச்சை. கடைசியில் ஒரு பார் சார்ட்: பழைய முறையை விட எங்கள் முறையில் காத்திருப்பு இவ்வளவு சதவீதம் குறைவு. முடிந்தது.

இதில் எனக்கு உறுத்தியது அந்த இரண்டாவது பத்திதான். ஆம்புலன்ஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது, பாருங்க. உயிர் விஷயம். ஆனால் அதே காரணத்தால்தான் அந்தப் பகுதியை யாரும் சரியாகச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. நான் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

ஒரு பக்கச் சாலை 7 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம். பச்சை விழுந்தபின் அந்த அகலத்தில் எவ்வளவு வண்டி வெளியேற முடியும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறது: அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கார் என்று வரும். 7 × 525 = 3,675. சுமாராக விநாடிக்கு ஒரு கார். இப்போது சிவப்பில் 200 மீட்டர் நீளத்துக்கு வண்டி நிற்கிறது. இரண்டு வரிசையிலும் சேர்த்து அறுபது கார் இருக்கும். அவ்வளவும் வெளியேற ஒரு நிமிஷம். கடைசியில் நிற்கிற வண்டி அசையவே முக்கால் நிமிஷத்துக்குக் கிட்ட ஆகும், ஏன்னா முன்னாடி நகர்ந்தால்தான் பின்னாடி நகரும்.

ஆம்புலன்ஸ் மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறது. அது வரிசையைத் தொடுவதற்கு முன் வரிசை கரைந்திருக்க வேண்டுமென்றால் ஒரு நிமிஷம் முன்பே பச்சை விழுந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் ஓடும் தூரம் சுமார் 670 மீட்டர். அதாவது வரிசையின் வாலிலிருந்து இன்னும் 670 மீட்டர் பின்னால் இருக்கும்போதே சிக்னலுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். நகரத்துக்குள் பல இடங்களில் அந்தத் தூரத்துக்குள் இன்னொரு சிக்னலே வந்துவிடும்.

இப்போது பேப்பர்களுக்கு வாருங்கள். ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் என்றால் சில மீட்டர் தூரத்தில்தான் படிக்கும். கேமரா ஜங்ஷன் கம்பத்தில் இருக்கும். அதன் கண்ணுக்கு ஆம்புலன்ஸ் தெரிகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் ஏற்கனவே வரிசைக்குள் சிக்கியிருக்கும். முன்னால் பஸ் நின்றால் அதுவும் தெரியாது. சைரன் சத்தத்தை மைக் வைத்துப் பிடிக்கிறோம் என்கிற பேப்பரும் உண்டு. எந்தச் சாலையிலிருந்து வருகிற சத்தம் என்று பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி அதில் ‘எதிர்காலப் பணி’ பகுதிக்குப் போய்விட்டது. ஆம்புலன்ஸ் படத்தை யோலோ மாடல் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். கண்டுபிடித்தபின் அதற்கு முன்னால் நிற்கும் முப்பது காரை என்ன செய்வது என்பதற்கு அட்டவணை இல்லை.

பயனே இல்லை என்று சொல்லவில்லை. மீதமிருக்கும் சிவப்பு நேரமாவது மிச்சமாகும். ஆனால் ‘உடனே வழி கிடைக்கும்’ என்று எழுதுவதற்கும் அதற்கும் ரொம்பத் தூரம். போதாக்குறைக்கு, ஜங்ஷனைத் தாண்டிய பிறகு எதிர்ச்சாலை அடைத்துக்கொண்டு நின்றால் பச்சை விழுந்தும் யாரும் நகர முடியாது. அப்போது இந்த சிக்னலை எவ்வளவு புத்திசாலி ஆக்கியும் பிரயோஜனம் இல்லை. அடுத்த சிக்னலையும், அதற்கடுத்ததையும் சேர்த்து முன்கூட்டியே திறக்க வேண்டும். வண்டி எங்கிருந்து கிளம்புகிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வழியாக என்று தெரிந்திருக்க வேண்டும். இது கன்ட்ரோல் ரூமில் தீர்க்க வேண்டிய பிரச்சினை. கம்பத்தில் மாட்டுகிற பெட்டி இதைத் தீர்க்காது.

சென்னைக்காரர்களுக்கு இது நேரிலேயே தெரிந்த விஷயம்தான். 2014 ஜூனில் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்று அறுவைக்காக ஒரு இதயம் போனது. சுமார் 12 கிலோமீட்டர். 14 நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நாடு முழுக்கச் செய்தி ஆனது, ‘கிரீன் காரிடார்’ என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது அப்போதுதான். (அதற்கு ஒரு வருஷம் முன்னாடி ‘சென்னையில் ஒரு நாள்’ படம் வந்திருந்தது, அதுவே மலையாள ‘டிராஃபிக்’கின் மறு ஆக்கம்.) அந்த 14 நிமிஷத்தில் ஸ்மார்ட் சிக்னல் எதுவும் இல்லை. வயர்லெஸ்ஸும், வழிநெடுக நின்ற போக்குவரத்துப் போலீஸும்தான். வண்டி எப்போது கிளம்பும் என்று தெரியும், எந்த வழி என்று தெரியும், ஆகவே வரிசையை முன்கூட்டியே கரைத்துவிட முடிந்தது. மேலே போட்ட ஒரு நிமிஷக் கணக்கை வயர்லெஸ் வைத்துக்கொண்டு ஆட்கள் செய்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பேப்பர்கள் இந்த மாதிரி இதயம் போகும் ஆம்புலன்ஸின் படத்தைக் காட்டிவிட்டு, தினசரி ஓடுகிற 108-க்குத் தீர்வு சொல்கின்றன. இரண்டும் ஒன்றில்லை. 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. அது முதலில் ஆளைத் தேடிப் போக வேண்டும். எந்தத் தெரு, எந்தச் சந்து என்று போனில் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏற்றியபின் எந்த ஆஸ்பத்திரி என்பதே சிலசமயம் வழியில்தான் முடிவாகும். அதற்கு ஒத்திகை பார்த்த வழி கிடையாது. அங்கே சிக்னல் முன்னுரிமை உண்மையிலேயே உதவ வேண்டுமானால், அழைப்பு மையத்தின் ஜி.பி.எஸ். தகவலும் சிக்னல் கன்ட்ரோல் ரூமும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். இரண்டு துறைகளைப் பேச வைப்பது என்று தலைப்பு வைத்தால் எந்தக் கல்லூரியிலும் ப்ராஜெக்ட்டாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, ஆம்புலன்ஸை விட்டுவிடுவோம். மற்ற நேரம் முழுக்க இந்த சிக்னல் நெரிசலைப் பார்த்து மாறுகிறது, அது நல்லதுதானே? ஓரளவுக்கு நல்லதுதான். நல்ல உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஸ்டீஃபன் ஸ்மித் குழு 2012-இல் ஒன்பது ஜங்ஷன்களில் ‘சர்ட்ராக்’ என்ற முறையை வைத்தது. ஒவ்வொரு சிக்னலும் தன் பக்கம் வருகிற வண்டிகளைப் பார்த்துத் தானே திட்டம் போட்டு, அடுத்த சிக்னலுக்கு ‘இத்தனை வண்டி உன் பக்கம் வருது’ என்று சொல்லிவிடும். உண்மையான தெருவில், முன்னும் பின்னும் வண்டி ஓட்டிப் பார்த்து அளந்தார்கள். பயண நேரம் சுமார் 25 சதவீதம், நின்று காத்திருக்கும் நேரம் சுமார் 40 சதவீதம் குறைந்தது என்றார்கள். சிமுலேஷனில் மட்டும் ஜெயிக்கிற பேப்பர்களுக்கு நடுவில் இது எனக்கு மரியாதைக்குரிய வேலை. இங்கேயும் திருவனந்தபுரம் சி-டாக் ‘கோசிகோஸ்ட்’ என்று ஒன்றைச் செய்திருக்கிறது, லேன் பார்க்காமல் எல்லாம் கலந்து ஓடுகிற நம்மூர்ப் போக்குவரத்தை மனதில் வைத்து.

ஆனால் மாறும் சிக்னலின் லாபம் சாலை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ள 1958-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் எழுதிய சூத்திரம் இன்றைக்கும் போதும். ஒரு சுற்று முழுக்க எத்தனை விநாடி இருக்க வேண்டும் என்று அது சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள், கிளம்பும் தயக்கம் என்று 10 விநாடி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஜங்ஷன் 70 சதவீதம் நிரம்பியிருக்கும்போது சுற்று 67 விநாடி. 90 சதவீதம் நிரம்பினால் 200 விநாடி. 95 என்றால் 400. நூறைத் தொட்டால் சூத்திரமே உடைந்துவிடும், வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும். பச்சையை இங்கே எடுத்து அங்கே கொடுப்பதற்கு எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் நிரம்பி வழிகிற சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த மிச்சம் கிடையாது. பதினோரு மணிக்கு ஸ்மார்ட் சிக்னல் நன்றாகவே வேலை செய்யும்.

பேப்பர்களின் பார் சார்ட்டில் இது தெரியாது. காரணம், ஒப்பிடுவது எதனோடு என்பதில் இருக்கிறது. ‘பழைய முறை’ என்று அவர்கள் வைத்துக்கொள்வது நாலு பக்கமும் ஆளுக்கு 30 விநாடி. ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் 30. அதைத் தோற்கடிக்க செயற்கை நுண்ணறிவு எதற்கு? வாரத்தில் ரெண்டு நாள் போய் வண்டி எண்ணி, வெப்ஸ்டர் சூத்திரத்தில் போட்டு, காலைக்கு ஒரு நேரம் மாலைக்கு ஒரு நேரம் என்று மாற்றி வைத்தாலே பாதி லாபம் வந்துவிடும் என்பது என் சந்தேகம். அந்த ஒப்பீட்டைச் செய்த பேப்பர் பையன் கொடுத்த கட்டில் ஒன்றுகூட இல்லை.

சிமுலேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலானோர் ஜெர்மனியில் உருவான ‘சுமோ’ மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அருமையான, இலவச மென்பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு இயல்புநிலை அமைப்பு உண்டு: ஒரு வண்டி 300 விநாடி அசையாமல் நின்றுவிட்டால் அதைத் தூக்கி முன்னால் எங்காவது போட்டுவிடும். வலைப்பின்னல் மொத்தமும் உறைந்துவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. மாற்றாமல் விட்டால் கடுமையான நெரிசலில் சிக்கிய வண்டிகள் மாயமாகக் கடந்துபோகும். அதே மாதிரி, சொல்லிக் கொடுக்காவிட்டால் வண்டிகள் எல்லாம் ஒழுங்காக லேனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நம்மூரில் சிவப்பு விழுந்ததும் டூ வீலர்கள் இடுக்கில் நுழைந்து நுழைந்து முன்னால் வந்து ஸ்டாப் லைனுக்கு அந்தப் பக்கம் நிற்குமே, அந்தக் காட்சி அதில் தானாக வராது. இந்த ரெண்டையும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பேப்பரை நம்பிப் படிக்கலாம்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். சிக்னல் எதைப் பார்த்து மாறுகிறது? ‘நெரிசலைப் பார்த்து’ என்கிறார்கள். நெரிசல் என்றால் யாருடைய நெரிசல்?

போக்குவரத்துக் கணக்கில் எல்லா வண்டியையும் காராக மாற்றித்தான் எண்ணுவார்கள். கார் ஒன்று. நகரச் சாலைகளுக்கான இந்திய வழிகாட்டி நெறியில் டூ வீலர் 0.5 முதல் 0.75 கார். பஸ் 2.2 முதல் 3.7 கார். இது சாலையில் பிடிக்கும் இடத்தின் கணக்கு. அந்த அளவில் நியாயமானதுதான். ஆனால் பச்சையைப் பங்கு போடவும் இதே கணக்கை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்க. அறுபது பேர் தொங்கிக்கொண்டு வருகிற மாநகரப் பஸ்ஸின் எடை மூன்றரைக் கார். ஆளுக்கு ஒரு காரில் வருகிற நாலு பேர் அதைவிடக் கனம். பேப்பர்கள் பலவற்றில் இந்த மாற்றம்கூட இல்லை. கேமராவில் தெரிகிற பெட்டிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். அங்கே பஸ்ஸும் ஒன்று, ஸ்கூட்டரும் ஒன்று.

நடந்து வருகிறவருக்கு? அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. அவர் சாலையில் இடம் பிடிப்பவர் இல்லை, ஆகவே அவர் காத்திருப்பது நெரிசலே இல்லை.

இது வெறும் தத்துவம் இல்லை. எங்கள் பக்கத்து ஜங்ஷனில் சில மாதமாகப் புது சிக்னல். வண்டியில் போனால் முன்னைவிடப் பரவாயில்லை, உண்மையைச் சொல்லணும். அம்மாவோடு மருந்துக் கடைக்கு நடந்துபோனபோதுதான் தெரிந்தது. பிரதான சாலையில் வண்டி வந்துகொண்டே இருந்தால் பச்சை நீண்டுகொண்டே போகிறது. கடப்பதற்கான பச்சை மனிதன் வருவதற்குள் அம்மா பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வந்தபின் நாங்கள் பாதிச் சாலை போவதற்குள் அது மினுக்க ஆரம்பித்துவிட்டது. கூட நின்ற மற்றவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. கையைக் காட்டிக்கொண்டே வண்டிகளுக்கு நடுவில் புகுந்து போனார்கள். அவர்களைத்தான் நாம் ‘ஒழுங்கில்லாத ஜனம்’ என்று திட்டுவோம்.

நடப்பவருக்கான நேரத்தைக் கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 14 மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டு விநாடி. அமெரிக்க வழிகாட்டியில் 2009-இல் இதைச் சுமார் 1.07-ஆகக் குறைத்தார்கள், முதியவர்களால் அந்த வேகத்தில் போக முடியாது என்பதற்காக. அம்மாவின் முழங்காலுக்கு 1.07-உம் அதிகம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். உயிர் என்று ஆரம்பிக்கிற அந்த இரண்டாவது பத்தியில் இவர்களுக்கும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்றால் பேசாமல் இருந்துவிடலாம். முடியும். லண்டனில் 1980-களிலிருந்து ஓடுகிற ‘ஸ்கூட்’ என்ற முறையும் முதலில் வண்டியை மட்டும்தான் பார்த்தது. 2014-இல் பாலம், டூட்டிங் பெக் ரயில் நிலையங்களுக்கு வெளியே கேமரா வைத்து, கடக்கக் காத்திருப்பவர்களை எண்ணி, கூட்டம் அதிகமானால் பச்சை மனிதனுக்கு நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பிறகு 18 இடங்களில் தலைகீழாகவே ஒன்று செய்தார்கள்: இயல்பாக நடப்பவருக்குத்தான் பச்சை, வண்டி வந்தால் மட்டும் மாறும். அதே சென்சார், அதே கம்பம். யாரை எண்ண வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்னுரிமைப் பட்டியலில் யார் இருப்பார்கள் என்பதும் இதே கேள்விதான். அமெரிக்காவில் ஆம்புலன்ஸிலிருந்து மினுக்கும் ஒளியை அனுப்பி சிக்னலை மாற்றும் கருவி பல பத்தாண்டுகளாக உண்டு. அதே ஒளியை உமிழும் பெட்டியைச் சாதாரண ஆட்களும் வாங்கிக் காரில் வைக்க ஆரம்பித்ததால் 2005-இல் அதைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள், அனுமதியோடுதான், ஒரு ஊரின் சிக்னல் வலையமைப்புக்குள் புகுந்து காட்டினார்கள். வயர்லெஸ் இணைப்புக்குப் பூட்டு இல்லை, கடவுச்சொல் கம்பெனி கொடுத்ததே மாறாமல் இருந்தது. நம்மூரில் ஹேக்கர் வரைக்கும் போக வேண்டியதில்லை. 2017 மே மாதத்திலிருந்து சிவப்புச் சுழல் விளக்கு போய்விட்டது, சரி. ஒரு கணினித் திரையில் ‘அவசர வாகனம்’ என்று டிக் அடிக்கும் பெட்டி வந்தால் அதில் எந்தெந்த வண்டியின் எண் ஏறும், அந்தப் பட்டியலை யார் பார்க்க முடியும்? பேப்பர்களில் தேடினேன், கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் அல்லாததற்கு வழிவிட்டதைக் கேட்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

பையனிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாவம், ரிவ்யூவுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. மூன்று மாற்றம் மட்டும் கேட்டேன். 30 விநாடிக்குப் பதிலாக வெப்ஸ்டர் கணக்கோடு ஒப்பிடு. ஆம்புலன்ஸ் எத்தனை மீட்டரில் தெரிந்தால் எத்தனை விநாடி மிச்சம் என்று ஒரு வரைபடம் போடு, நூறு மீட்டரில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று வந்தால் அப்படியே எழுது. வண்டியை எண்ணுகிற இடத்தில் ஆளை எண்ணு, நடக்கிறவரையும் சேர்த்து.

முதல் ரெண்டுக்கும் தலையாட்டினான். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்கு டேட்டாசெட் இல்லையே அங்கிள்” என்றான்.

வண்டிக்கு இருக்கிறது. எங்கள் ஜங்ஷனில் கடக்கக் காத்திருக்கும் ஆட்களுக்கு இல்லை, நிஜம்தான். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும் நானும் அவனும் அந்த டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்காரப் போகிறோம். எண்ணிக்கை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.